இடம் போட்ட துண்டு

ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைத்துண்டு. ஓரத்தில் நீலக் கோடு. ஒரு மூலையில் மட்டும் மெழுகு சொட்டி இறுகிப்போய், எத்தனை முறை வெந்நீரில் அலசினாலும் போகாத ஒரு வட்டம். அரியலூரிலிருந்து திருச்சி போகும் காலை பாசஞ்சரில், லேடீஸ் பெட்டியில், ஜன்னலை ஒட்டிய இடத்தில் அந்தத் துண்டு ஆறு வருஷம் எனக்காகக் கிடந்தது. நான் ஏறுவது புள்ளம்பாடியில். அதற்குள் பெட்டி நிரம்பி, கதவோரம் கூடைக்காரம்மாக்கள் குந்திவிடுவார்கள். யாராவது துண்டைக் காட்டி, "ஆள் வராங்களா?" என்று கேட்பார்கள். "வராங்க" என்பார், அரியலூரிலேயே ஏறி இடம் பிடித்திருக்கும் அக்கா. கல்லக்குடியில் கேட்டாலும் அதுதான், புள்ளம்பாடி பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியும்போது கேட்டாலும் அதுதான். கேட்டவர் நகர்ந்துவிடுவார். நான் ஏறியதும் அக்கா துண்டை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொள்வார். நன்றி என்று நான் சொன்னதே இல்லை. அது என் இடம் என்றே நினைத்திருந்தேன்.

அவரை எல்லோரும் மெழுகு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில், பல்செட் செய்யும் லேபில் இருவருக்கும் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது அக்காவின் வேலை. சின்ன விளக்கில் கத்தியைச் சூடு காட்டி, மெழுகைத் தொட்டு, பல்லை அரைக்கால் நூல் அளவு சாய்ப்பார். முகம் தெரியாத ஒரு கிழவருடைய சிரிப்பு அந்த மேசையில் உருவாகும். அதற்கு இரண்டு மேசை தள்ளி, முடிந்து வந்த செட்டைத் தேய்த்து மெருகு போடுவது நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அந்த வேலைக்குப் படிப்பு தேவைப்படவில்லை, தூசியைத் தாங்கும் மூக்கு இருந்தால் போதும்.

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு இதுதான். கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போவேன். சீசன் டிக்கெட் பர்ஸில்தான் இருக்கிறதா என்று லால்குடி வருவதற்குள் மூன்று முறை பார்ப்பேன். வீட்டுக்காரர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும், "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று போனை வைத்துவிடுவார். வீட்டில் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும். முடிவு எடுக்க வேண்டியது எப்போதும் நான், முடிவெடுக்கவே தெரியாத நான்.

ஊரை விட்டு வந்துவிடலாம் என்ற பேச்சு சாயங்கால வண்டியில்தான் ஆரம்பித்தது. அந்த வண்டியில் பாதிப் பெண்கள் சும்மா உட்கார மாட்டார்கள். டவுன் ஸ்டேஷனில் ஏறும்போதே கையில் முருங்கைக்கீரைக் கட்டு இருக்கும். மடியில் பேப்பரை விரித்து, ஆளுக்கு ஒரு கொத்தாகப் பிரித்து உருவினால், லால்குடி தாண்டும்போது கீரை அடுப்புக்குத் தயார். காம்பை ஜன்னல் வழியே கொள்ளிடத்துக்குக் கொடுப்போம். அக்காவும் நானும் உருவிக்கொண்டே ஊர்களைப் பேசுவோம். தில்லை நகரிலேயே பார்த்தால் லேபுக்கு நடந்து போகலாம், ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடெல்லாம் மூன்றாவது மாடி. பொன்மலைப் பக்கம் வீடு விசாலம், ஆனால் அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். லால்குடியில் இருந்தால் பாதி தூரம்தான் மிச்சம், வண்டியை விட்டால் அன்றைக்கு அதே கதைதான். கடைசியில் எப்போதும் ஸ்ரீரங்கத்தில் வந்து நிற்போம். ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து லேப். அவசரமென்றால் ஊருக்குப் போக ரயில் வாசலிலேயே நிற்கும்.

"ரெண்டு பக்கமும் ஆறுக்கா" என்பேன். "முக்கொம்பு அணையில ஒரேயடியா திறந்து விட்டுட்டா?"

"உனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் திறப்பாங்க. நீ கீரையை உருவு" என்பார் அக்கா. பெட்டியே சிரிக்கும்.

அக்காவுக்கு இருந்த காரணம் என்னுடையதைவிடப் பெரியது. அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். சிமெண்ட் பாக்டரி வேலையில் இருந்தவருக்கு ஒரு நாள் வலது பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஒரு வருஷத்தில் கம்பை ஊன்றி நடக்குமளவுக்கு எழுந்துவிட்டார். பேச்சு கொஞ்சம் குழறும். பிள்ளைகள் இல்லை. காலை ஆறரைக்கு அக்கா வீட்டைப் பூட்டாமல் சாத்திவிட்டுக் கிளம்பினால், இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நடுவில் அத்தனை மணி நேரமும் மாமா தனி. அதனால் எங்கள் திட்டம் இது: ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில், தரைத்தளத்தில், பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன் இரண்டு. மதியம் என் அம்மா அவருக்குச் சோறு எடுத்து வைப்பாள், எட்டிப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வர நேரமானால் என் மகளுக்கு அவர் துணை. அம்மாவிடம் சொன்னபோது, "ஒரு வாய் சோறு எடுத்து வைக்கறதுல என்னடி இருக்கு. அந்தப் புள்ளை பாவம், அங்கயும் இங்கயும் ஓடுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்த்தோம். நான் போன இடத்தில் எல்லாம் சுவரில் விரிசலைத் தேடுவேன். அக்கா நேராகக் கக்கூஸுக்குப் போய், வாசப்படி எவ்வளவு உயரம் என்று தன் முழங்காலை வைத்து அளப்பார். "வீடு பாக்கறது பல்லு வைக்கற மாதிரிடி" என்பார். "வரிசையா அழகா இருக்கான்னு பாக்காதே. கடிச்சா ஒக்காருதான்னு பாரு."

அந்த வீடு உட்கார்ந்தது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்காரம்மா ஒரு ரிட்டயர்டு டீச்சர், மாடியில் தனியாக இருந்தார். எனக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து சரியாக எத்தனை நிமிஷம்? மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா? ஏகாதசிக் கூட்டத்தில் வீட்டுக்கு வர விடுவார்களா? ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அக்காவைப் படுத்தினேன். குதிகால் வலியோடு ஒரு சாயங்காலம் அவர் ஸ்ரீரங்கத்தில் இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வீடு வரை நடந்து, அடுத்த வண்டி பிடித்து அரியலூர் போனார். மறுநாள் துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி சொன்னார்: "எனக்குப் பதினாலு நிமிஷம். உனக்குப் பத்து. வழியில பிள்ளையாருக்குக் கன்னத்துல போட்டுக்கறவங்களுக்குத்தான் கூட ஒரு நிமிஷம். நீ மாதா கோயில் ஆளு, நேரா போயிடலாம்."

அதுதான் என் பெரிய பயமாகவும் இருந்தது. ஸ்ரீரங்கத்தில், அதுவும் அந்தத் தெருவில், மாதா படம் மாட்டுகிறவர்களைக் குடிவைப்பார்களா? சொல்லாமலே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அக்காவே பேசினார்.

"இவங்க மாதா கோயிலுக்குப் போறவங்க டீச்சர். பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க, அதான் முன்னாடியே சொல்லிடறேன். ஆனா இவளை மாதிரி சுத்தக்காரி உங்களுக்குக் கிடைக்க மாட்டா. ஆறு வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசல் தெளிச்சுக் கோலம் போடுவாளா?"

"எங்களைவிட நல்லாப் போடுவா. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரக் கோலம் போட்டா நீங்களே மேலேருந்து இறங்கி வந்து பாப்பீங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "பெருமாள் யாரை வேணாம்னார்? வரட்டும்" என்றார். அக்கா தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், "அவருக்கு நடை கொஞ்சம் சிரமம் டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்லயே கூட்டிட்டு வரேன்" என்று நிறுத்திக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "வார்த்தையில சொன்னா வியாதி பெருசாத் தெரியும்டி. ஆளைப் பாத்தாங்கன்னா பயம் போயிடும். சட்டை போட்டு, தலை வாரி, கம்போட நடத்திக் கூட்டிட்டு வரேன் பாரு" என்றார்.

அந்த ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், டீச்சர் எனக்குப் போன் செய்தார். அக்கா கை கழுவப் போயிருந்தார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா? நடை சிரமம்னா எப்படி?"

நேரில் கூட்டிவருவார்கள், பாருங்கள் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். அக்காவிடமே கேளுங்கள் என்று போனைக் கொடுத்திருக்கலாம். நான் சொன்னது இது: "ஒரு பக்கம் வராதுங்க டீச்சர். படுக்கையிலதான்." அவர் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "மதியத்துல யாராவது பக்கத்துல இருக்கணும். எங்க அம்மாவுக்கும் வயசாச்சு, அவங்களால முடியுமான்னு தெரியல."

முதலில் சொன்னது பாதி நிஜம். அடுத்தது பொய். மாமா படுக்கையில் இல்லை. கடைசியில் சொன்னது அம்மாவின் வாயில் நான் போட்ட வார்த்தை. அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை. அவர் விழுந்துவிட்டால் அம்மாவால் தூக்க முடியுமா, ஏதாவது ஆகிவிட்டால் உன் அம்மாதான் கவனிக்கவில்லை என்று பேச்சு வருமா, ஒவ்வொரு மதியமும் லேபுக்குப் போன் வருமா. பயம்தான். பயம் என்று எத்தனை நாள் சொல்லிக்கொள்வது? சுமையில் பாதி என் வாசலில் இறங்கப்போகிறது என்று தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டேன். "சரிம்மா, நல்லவேளை சொன்னீங்க" என்றார் டீச்சர். அக்கா கையைத் துண்டில் துடைத்தபடி வந்து, "யாருடி போன்ல?" என்றார். "கேஸ் கம்பெனி" என்றேன்.

மறுநாள் டீச்சர் அக்காவை அழைத்து, அந்தப் போர்ஷனுக்குத் தன் சொந்தக்காரர்களே குடிவருவதாகச் சொல்லிவிட்டாராம். அக்கா என்னிடம் வந்து, "எனக்கு இல்லைன்னுட்டாங்க. பரவாயில்ல, நீ விட்டுடாதே. நாலு தெரு தள்ளி எனக்கும் ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?" என்றார். நீங்கள் இல்லாமல் நான் எப்படிப் போவேன் என்று அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த மாதமே நான் குடிபோனேன். பால் காய்ச்சும் நாளில் அக்கா அரியலூரிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார். உருவிய கீரை.

அதன் பிறகு அவருக்கு வீடு அமையவில்லை. நான் பஸ்ஸில் போனேன், அவர் ரயிலில் வந்தார். தினமும் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தோம், குழம்பை மாற்றிக்கொண்டோம். காலையில் சமையலறையில் நிற்கும்போது அந்தப் பாசஞ்சர் ஸ்ரீரங்கத்தில் வந்து நிற்பது கேட்கும். கிளம்பும்வரை நான் குழாயைத் திறந்து விட்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகப் புள்ளம்பாடி போய் ஞாயிறு தங்கினேன். திங்கட்கிழமை பழைய வண்டியிலேயே வேலைக்கு வர வேண்டியிருந்தது. வேறு பெட்டியில் ஏறிவிடலாம் என்று பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்தேன். வண்டி வந்தபோது லேடீஸ் பெட்டி என் எதிரிலேயே நின்றது. உள்ளே ஒரு பெண்ணிடம், "வராங்க" என்று சொல்லும் குரல் கேட்டது. ஜன்னலை ஒட்டிய இடத்தில் ஆரஞ்சுத் துண்டு கிடந்தது.

"கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்னியே, இதுலதானே வருவே. உக்காரு" என்று துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

காட்டூர் தாண்டும்வரை பர்ஸைத் திறந்து திறந்து டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அக்கா, அந்த டீச்சர்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி" என்றார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க. 'அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, மறைக்காம சொல்லிடுச்சு'ன்னாங்க."

அன்றைக்கேயா? முதுகைத் தடவிக்கொடுத்த நாளிலேயா?

"அவர் படுக்கையிலயாடி இருக்கார்? போன தடவை நீ வந்தப்ப வாசல் வரைக்கும் நடந்து வந்து உனக்கு டாட்டா காட்டினாரே." தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நீ பயப்படுவேன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பயத்தை எங்கிட்ட வந்து கொட்டியிருக்கலாம்ல. முக்கொம்புக்கே பதில் சொன்னவ நான். இதுக்குச் சொல்ல மாட்டேனா?"

லால்குடியில் ஏறிய பெண் ஒருத்தி தள்ளி உட்காரச் சொன்னாள். இருவரும் நகர்ந்து உட்கார்ந்தோம். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதைப் பற்றி அக்கா பிறகு எடுக்கவே இல்லை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மதியம் மாமா கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்தார். நாலு மணிக்குப் பால் ஊற்ற வந்தவர் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். இடுப்பெலும்பு. நான் டீச்சரிடம் சொன்ன பொய் ஒன்பது மாதம் கழித்து நிஜமானது. படுக்கையிலதான். அக்கா வேலையை விட்டார். மெழுகு மேசைக்கு ஆள் தேடிய முதலாளி கடைசியில் என்னையே உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்து பார்த்தே கை பழகியிருந்தது. அந்த மேசையின் கீழ் இழுப்பறையில், கத்திகளுக்கு அடியில், துண்டு நான்காக மடித்து இருந்தது. மறந்து விட்டுப்போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. துவைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். டீச்சருக்கே இப்போது மாடியேற முடியவில்லை, கீழே என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கம்மா" என்றார். இந்த முறை அக்காவையும் மாமாவையும் சொன்னேன். அன்று நான் சொன்னதில் எது பொய் என்றும் சொன்னேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கூட்டிட்டு வாங்க" என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். மாமா இப்போது வாக்கரைப் பிடித்து மறுபடி நாலு அடி வைக்கிறாராம். "வந்து பாக்கறோம். ஞாயித்துக்கிழமை காலை வண்டி. நான் அவரை ஆட்டோல கூட்டிட்டு வந்துடறேன், நீ முன்னாடியே ஏறி இடம் போட்டு வை" என்றார். குரல் பழைய குரல்தான். இடம் போட்டு வை என்று அவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமையே புள்ளம்பாடி போய், விடியற்காலையில் பஸ் பிடித்து அரியலூர் ஸ்டேஷனில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை. வண்டி காலியாக இருந்தது, யாரும் இடம் போட வேண்டிய தேவையே இல்லை. பொதுப் பெட்டியில், கதவுக்குப் பக்கமாக, மாமா கால் நீட்ட வசதியான இடம் பார்த்துத் துண்டைப் போட்டேன். அதன் பக்கத்தில் அக்காவுக்கு என் பையை வைத்தேன். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"அவர் கிளம்ப மாட்டேங்கறார்டி" என்றார் அக்கா. "சட்டை போட்டு, தலை வாரி, உக்கார வச்சுட்டேன். ஆட்டோ வாசல்ல நிக்குது. 'என்னை வேணாம்னு சொன்ன வீடுதானே அது'ன்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?"

அவருக்கும் தெரியும் என்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்காவிடம் செய்ததையே இத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பை ஊன்றி வாசல்வரை வந்து எனக்குக் கையசைத்த மனிதரை வேண்டாம் என்று சொல்லவைத்தவள் நான். அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"நான் வந்து மாமாகிட்டப் பேசவாக்கா?"

"இன்னைக்கு வேணாம். நீ போ, வண்டி கிளம்பிடும்" என்றார். திட்டவில்லை. அடுத்த வாரம் என்றும் சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். கல்லக்குடி வந்தது. புள்ளம்பாடியில் கல்யாணக் கூட்டம் ஒன்று திமுதிமுவென்று ஏறியது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் எதிரில் வந்து நின்று துண்டைப் பார்த்தாள்.

"அக்கா, ஆள் வராங்களா?"

"தெரியலைம்மா" என்றேன்.

"தெரியாமயா துண்டு போட்டீங்க?" என்று சிரித்தாள்.

துண்டை எடுத்தேன். அவள் உட்கார்ந்தாள். உதறித் தோளில் போட்டுக்கொள்ளக் கை போனது, போடவில்லை. ஸ்ரீரங்கம் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். மூலையில் மெழுகு இறுகிய அந்த வட்டத்தை என் நகம் சுரண்டிக்கொண்டே வந்தது. அது போகவில்லை.